மரக்கால் யார் கையில்?

கீழத்தஞ்சையில் 1940களில் பண்ணையாட்களும் குத்தகை விவசாயிகளும் எழுப்பிய முழக்கங்களில் ஒன்று, கள்ள மரக்காலை ஒழிக்க வேண்டும் என்பது. குத்தகை நெல்லை வாங்கும்போது ஒரு மரக்கால், கூலி நெல்லை அளக்கும்போது வேறொரு மரக்கால் என்று வைத்திருந்தது பண்ணை. உழைப்பவர் அளப்பதையே எதிர்க்கவில்லை. முத்திரையிட்ட மரக்காலால், தம் கண் முன்னே அளக்க வேண்டும் என்றுதான் கேட்டார். நெல் அளப்பது வெறும் கணக்கு வேலை அன்று, அது அதிகாரம் என்பதைச் செங்கொடி இயக்கம் வயலிலேயே கற்றுக்கொண்டது.

அந்தப் பாடம் இன்று மக்கள் நல்வாழ்வுத் துறைக்குத் தேவைப்படுகிறது. மாநிலங்களின் மருத்துவக் கட்டமைப்பை அளந்து, மதிப்பெண் இட்டு, வரிசைப்படுத்தி, அந்த வரிசையை நிதியோடு பிணைக்கும் ஏற்பாட்டை ஒன்றிய அரசு உருவாக்கி வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டின் உண்மை முகத்தைக் காண விரும்புவோர் திருவனந்தபுரத்துக்குச் செல்ல வேண்டும். ஏனெனில், பட்டியலில் முதலிடம் பெற்ற மாநிலத்தின் தலைநகரம் அது.

முதலிடமும் முடக்கப்பட்ட நிதியும்

நிதி ஆயோக்கின் சுகாதாரக் குறியீட்டுப் பட்டியல் 2018 பிப்ரவரியிலும், 2019 ஜூனிலும், 2021 டிசம்பரிலும் வெளியிடப்பட்டது. மூன்று முறையும் பெரிய மாநிலங்களில் கேரளம் முதலிடம் பெற்றது. 2021இல் வெளியான பட்டியலில் கேரளத்தின் மதிப்பெண் 82.20. இரண்டாமிடத்தில் தமிழ்நாடு 72.42. கடைசியில் உத்தரப் பிரதேசம் 30.57. இவை ஒன்றிய அரசே வெளியிட்ட எண்கள்.

மாதிரிப் பதிவு முறையின் கணக்குகளும் இதையே சொல்கின்றன. 2023ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்பவை கேரளத்தில் 5. இந்தியா முழுமைக்கும் 25. மகப்பேற்றில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை, 2018-20 காலக் கணக்கின்படி, ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கேரளத்தில் 19, நாடு முழுமைக்கும் 97.

இத்தகைய மாநிலத்துக்கு ஒன்றிய அரசு என்ன செய்தது? 2023 இறுதியில் ஓர் ஆணை வந்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் வரும் நலவாழ்வு மையங்கள் அனைத்துக்கும் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் சூட்ட வேண்டும், ஆரோக்கியம் பரமம் தனம் என்ற முழக்கத்தைப் பலகையில் எழுத வேண்டும் என்றது அது. கேரளம் மறுத்தது. அந்த மையங்களில் பெரும்பாலானவை மாநில அரசும் ஊராட்சிகளும் பல பத்தாண்டுகளாகக் கட்டி எழுப்பிய ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் ஆகும். மலையாள மக்கள் நாவில் புழங்கும் பெயர்கள் அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கின்றன. மந்திர் என்ற சொல் எந்தப் பண்பாட்டு அரசியலின் முத்திரை என்பதும் யாருக்கும் தெரியாததன்று.

மறுப்பின் விலை நிதி முடக்கம். தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் 2023-24ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 636 கோடி ரூபாய் வரவில்லை என்று மாநில அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. தர வேண்டியது அனைத்தும் தரப்பட்டுவிட்டது என்று ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் மறுத்தார். இறுதியில், 2024இல், தம் பெயர்களைக் கைவிடாமல் ஒன்றிய அரசின் பெயரையும் முழக்கத்தையும் சேர்த்து எழுத மாநிலம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இந்த நிகழ்வில் ஓர் உண்மை பளிச்சிடுகிறது. குழந்தைகள் பிழைத்தார்களா, தாய்மார்கள் பிழைத்தார்களா என்ற அளவில் முதலிடம் பெற்ற மாநிலம், பலகையில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கிறது என்ற அளவில் தோற்றுப்போனது. பணம் எந்த அளவைப் பின்தொடர்ந்தது? இரண்டாவதை. மதிப்பீடு என்ற பெயரில் வந்தது மதிப்பீடு அன்று. கீழ்ப்படிதலுக்கான தேர்வு அது.

அளப்பவரை அளப்பது யார்?

பட்டியலை ஆதரிப்போர் ஒரு வாதம் வைக்கிறார்கள். போட்டி இருந்தால்தான் பின்தங்கிய மாநிலங்கள் முன்னேறும், எனவே போட்டிக் கூட்டாட்சி வேண்டும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் ஓட்டப் பந்தயத்தின் நடுவர், ஓடுவோரின் உணவையும் தண்ணீரையும் தம் கையில் வைத்திருப்பவராக இருந்தால் அது எந்த வகைப் போட்டி?

2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2025க்குள் அரசின் மருத்துவச் செலவை உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக வாக்களித்தது. தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி 2021-22இல், கோவிட் காலச் செலவுகளும் சேர்ந்த நிலையில், ஒன்றிய, மாநில அரசுகளின் மொத்தச் செலவு 1.84 சதவீதம். அதிலும் பெரும்பங்கைச் சுமப்பவை மாநிலங்கள். இந்த வாக்குறுதியை மீறியதற்காக ஒன்றிய அரசுக்கு மதிப்பெண் இட்ட பட்டியல் எங்கே? அதற்காக யாருடைய நிதி முடக்கப்பட்டது?

கல்வி, சுகாதார மேல்வரி என்று 4 சதவீதம் மக்களிடமிருந்து வசூலிக்கப்படுகிறது. மேல்வரி என்பதால் அதில் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை. பகிர்ந்தளிக்கப்படும் வரி வருவாயில் கேரளத்தின் பங்கு, பத்தாவது நிதிக்குழுக் காலத்தில் 3.875 சதவீதமாக இருந்தது, பதினைந்தாவது நிதிக்குழுக் காலத்தில் 1.925 சதவீதமாகச் சுருங்கியது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதும் மக்களின் வாழ்நிலையை உயர்த்தியதும் பங்கீட்டுச் சூத்திரத்தில் இழப்பாக மாறின. தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதன்று.

தேசிய நலவாழ்வு இயக்கத்தின் நிதியில் 20 சதவீதம் நிபந்தனைகளோடு பிணைக்கப்பட்டது. நிபந்தனையை நிறைவேற்றினால் ஊக்கம், இல்லாவிடில் வெட்டு. ஏழை மாநிலத்தின் துணை நிலையத்தில் செவிலியர் இல்லை என்பதால் மதிப்பெண் குறைகிறது. மதிப்பெண் குறைந்ததால் நிதி குறைகிறது. நிதி குறைந்ததால் அடுத்த ஆண்டும் செவிலியர் இல்லை. காய்ச்சல் அதிகம் உள்ளவனுக்குக் கஞ்சியைக் குறைக்கும் வைத்தியம் இது. கேரளத்தை மட்டுமன்றி உத்தரப் பிரதேசத்தின் உழைக்கும் மக்களையும் இந்த ஏற்பாடு வஞ்சிக்கிறது. எனவே இது மாநிலத்துக்கு மாநிலம் நடக்கும் சண்டை அன்று.

பிடிக்காத எண்ணை இந்த அரசு எப்படி நடத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தேசிய குடும்பநல ஆய்வை நடத்தும் மும்பை மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் 2023 ஜூலையில் இடைநீக்கம் செய்யப்பட்டார். பணி நியமன முறைகேடு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் திறந்தவெளி மலம் கழித்தல் ஒழிந்துவிட்டது என்ற அரசின் முழக்கத்துக்கு அந்த ஆய்வின் எண்கள் இசையவில்லை என்பதை நாடே அறியும். இரத்தசோகை அதிகரித்திருப்பதாக ஐந்தாம் ஆய்வு காட்டியது. ஆறாம் ஆய்வில் இரத்தசோகைப் பரிசோதனையே கைவிடப்பட்டது. கோவிட் காலத்தில், 2021 இறுதி வரை, இந்தியாவில் ஏறத்தாழ 47 லட்சம் கூடுதல் இறப்புகள் நிகழ்ந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அந்த மதிப்பீட்டு முறையே தவறு என்று ஒன்றிய அரசு தள்ளிவிட்டது. மாநிலங்களுக்கு ஒரு மரக்கால், தனக்கு ஒரு மரக்கால்.

வரிசை எண்ணின் வரலாறு

இந்த நோய் இந்தியாவில் மட்டும் தோன்றியதன்று. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் மருத்துவக் கட்டமைப்புகளை ஒரே வரிசையில் நிறுத்தியது. பிரான்சு முதலிடம், அமெரிக்கா 37, கியூபா 39, இந்தியா 112. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வறிக்கையின் ஆசிரியர் பொறுப்பில் இருந்த பிலிப் மஸ்குரோவே, பட்டியலில் உள்ள எண்களில் பெரும்பகுதி நேரடித் தரவுகள் அல்ல, கணித்து நிரப்பப்பட்டவை என்று பின்னர் எழுதினார். அத்தகைய ஒட்டுமொத்த வரிசையை அந்நிறுவனம் மீண்டும் வெளியிடவில்லை. உலகம் கைவிட்ட கருவியை நிதி ஆயோக் தூசி தட்டி எடுத்தது.

இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை உலகத் தொழிலாளி வர்க்கத்தின் பெருமைக்குரிய சாதனைகளில் ஒன்று. அங்கும் இலக்குகளும் நிதி நிலை அறிக்கைகளும் நிர்வாகத்தின் ஒரே கவலையாக மாறியபோது நேர்ந்ததை ஸ்டாஃபோர்டு மருத்துவமனை காட்டியது. நோயாளிகள் தண்ணீருக்கும் தூய்மைக்கும் தவித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 2008இல், அதை நடத்திய நிர்வாகத்துக்குத் தன்னாட்சித் தகுதி வழங்கப்பட்டது. தாள்கள் நன்றாக இருந்தன. படுக்கைகள் நன்றாக இல்லை. 2013இல் வெளிவந்த பிரான்சிஸ் விசாரணை அறிக்கை இதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் பதிவு செய்தது.

இலக்கு என்ற சொல்லின் கொடுமையை இந்தியப் பெண்களும் ஏழைகளும் தம் உடலில் சுமந்தவர்கள். நெருக்கடி நிலையின்போது, 1976-77 என்ற ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. ஆசிரியருக்கும் எழுத்தருக்கும் கூட ஆள் பிடிக்க இலக்கு தரப்பட்டது. 1996இல் இலக்குமுறை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை நடந்தது. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். காகிதத்தில் ஒழிந்த இலக்கு களத்தில் ஒழியவில்லை.

திருவனந்தபுரத்தின் வேறொரு மரபு

அப்படியானால் அளவீடே வேண்டாமா? சில தோழர்கள் அப்படியும் பேசுவதுண்டு. எண்கள் எல்லாம் முதலாளித்துவத்தின் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது தவறான முடிவு. கள்ள மரக்காலை எதிர்த்தவர் கண்ணளவில் நெல் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. கேரளத்தின் சிறப்பே, அளவீட்டுக்கு வேறொரு மரபை வளர்த்தெடுத்ததில் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் கே.என்.ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையம் 1975இல் ஐக்கிய நாடுகள் அமைப்புக்காக ஓர் ஆய்வைத் தயாரித்தது. வருமானம் குறைந்த ஒரு மாநிலத்தில் கல்வியும் உடல்நலமும் எப்படி உயர்ந்தன என்ற கேள்வியை உலகின் முன் வைத்த ஆய்வு அது. நிலச் சீர்திருத்தம், பொது விநியோகம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைத் தனித்தனி மதிப்பெண்களாகப் பிரிக்காமல், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தது. பின்னர் 1987இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் தன் தொண்டர்களைக் கொண்டு ஏறத்தாழ பத்தாயிரம் கிராமப்புறக் குடும்பங்களில் உடல்நல ஆய்வு நடத்தியது. சராசரி எண்களின் பளபளப்புக்குப் பின்னால் ஏழை வீட்டில் நோய் அதிகம் என்பதையும், தனியார் மருத்துவத்தை நோக்கி மக்கள் தள்ளப்படுவதையும் அது அம்பலப்படுத்தியது. எந்த அரசும் ஆணையிட்டு நடந்த ஆய்வு அன்று அது. மக்கள் தம்மைத் தாமே அளந்துகொண்டார்கள்.

1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இதை முடிவெடுக்கும் அதிகாரத்தோடு இணைத்தது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குச் சென்றது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊராட்சிகளின் பொறுப்பில் வந்தன. எந்த வார்டில் குடிநீர் கெட்டிருக்கிறது, எந்தக் குடியிருப்பில் படுத்த படுக்கையான முதியோர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பவரும், அதற்குப் பணம் ஒதுக்குபவரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தனர். குறைகள் இருந்தன, இருக்கின்றன. ஆனால் அளந்த இடத்திலேயே முடிவு எடுக்கப்பட்டது. 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப நலவாழ்வு மையங்களாக மாறியது இந்த அடித்தளத்தின் மீதுதான்.

மிகச் சிறந்த எடுத்துக்காட்டு தாய்மார் இறப்பு பற்றிய இரகசிய மறுஆய்வு. கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு மாநில அரசின் ஒப்புதலோடு 2004இல் இதைத் தொடங்கியது. மருத்துவமனையில் ஒரு தாய் இறந்தால் அவரது சிகிச்சைக் குறிப்பு, பெயரும் மருத்துவமனை அடையாளமும் நீக்கப்பட்டு, மூத்த மருத்துவர்களின் குழுவிடம் செல்லும். எங்கே தாமதம், எந்த மருந்து கிடைக்கவில்லை, எந்த அறிகுறி கவனிக்கப்படவில்லை என்று குழு ஆராயும். யாரையும் தண்டிப்பதற்கான விசாரணை அன்று அது. தண்டனை அச்சம் இல்லாததால் உண்மை வெளிவந்தது. மகப்பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கும் இரத்த அழுத்தக் கோளாறும் முதன்மைக் காரணங்கள் என்று தெரிந்தபோது, அவற்றைத் தடுக்கும் நெறிமுறைகள் பிரசவ அறைக்குச் சென்றன, செவிலியரும் மருத்துவரும் பயிற்சி பெற்றனர். ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2010-12இல் 66 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018-20இல் 19 ஆகக் குறைந்தது. இந்த மறுஆய்வு ஒன்றே அதற்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வரிசை எண் இன்றி, பரிசுத்தொகை இன்றி, முடக்கம் இன்றி ஒரு மதிப்பீடு உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு அது சான்று.

இரண்டு மதிப்பீட்டு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு இப்போது தெளிவாகும். ஒன்று கேட்கிறது: யார் முன்னே, யார் பின்னே? மற்றொன்று கேட்கிறது: இந்தத் தாய் ஏன் இறந்தாள், அடுத்தவள் இறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்வியின் விடை தில்லியில் ஒரு விழாவில் வெளியிடப்படுகிறது. இரண்டாவது கேள்வியின் விடை பிரசவ அறையில் நடைமுறையாகிறது.

கை வழுக்கிய இடங்கள்

ஒன்றிய அரசைச் சாடிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. இடதுசாரிகள் ஆட்சி நடத்திய தலைநகரத்திலும் மரக்கால் சில நேரம் கை வழுக்கியது. அதைச் சொல்லும் துணிவு இல்லாத கட்சிப் பத்திரிகை உறுப்பினர்களுக்குப் பயன்படாது.

கோவிட் பெருந்தொற்றின் முதல் ஓராண்டுக்கும் மேலாக, ஓர் இறப்பு கோவிட் இறப்பா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மாநில அளவிலான குழுவிடம் இருந்தது. நோயாளியைக் கடைசிவரை பார்த்த மருத்துவர் எழுதியதைத் தலைநகரக் குழு மாற்றலாம் என்ற நிலை. மருத்துவர்களும் பொதுநல ஆய்வாளர்களும் எதிர்த்தனர். 2021 ஜூனில் அந்த அதிகாரம் சிகிச்சை அளித்த மருத்துவரிடமும் மாவட்டத்திடமும் திரும்பியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, விடுபட்ட ஆயிரக்கணக்கான இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. தவறு நடந்தது, திருத்தவும்பட்டது. ஒன்றிய அரசு திருத்தாமலே விட்டதோடு ஒப்பிட்டால் இது மேல்தான். ஆனால் முதலிடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை ஒரு நல்ல அரசின் கண்ணையும் எப்படி மறைக்கும் என்பதற்கு இதுவே பாடம்.

2025 ஜூனில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் ஒரு துறைத் தலைவர், கருவிகள் இல்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போவதை வெளிப்படையாகச் சொன்னார். கொள்முதல் நடைமுறையில் தாமதம் உண்டு என்பதை அரசு அமைத்த நிபுணர் குழுவும் கண்டது. அதன் பின்னும் அவருக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை சென்றது. தாய்மார் இறப்பு ஆய்வில் தண்டனை அச்சத்தை நீக்கியதால் உண்மை வெளிவந்தது என்று கண்ட மாநிலம், வார்டிலிருந்து வரும் உண்மைக்கு அறிவிக்கை அனுப்பலாமா? ஆய்வு நிறுவன இயக்குநரை இடைநீக்கம் செய்தவர்களைக் கண்டிக்கும் உரிமை, உண்மை சொன்ன மருத்துவரைக் காப்பவர்களுக்கே முழுமையாக உண்டு.

எல்லாவற்றிலும் ஆழமான காயம் ஆஷா பணியாளர்களுடையது. 2025 பிப்ரவரி 10 அன்று அவர்களில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். கேரளத்தில் ஏறத்தாழ 26,000 ஆஷா பணியாளர்கள் இருக்கின்றனர். கர்ப்பிணியின் பெயர், தடுப்பூசி நாள், காசநோயாளியின் மாத்திரை, முதியவரின் இரத்த அழுத்தம் என்று பட்டியல்களின் அடியில் இருக்கும் எண்களில் பெரும்பாலானவற்றை வீடு வீடாகச் சென்று சேகரிப்பவர்கள் அவர்களே. மாநில மதிப்பூதியம் அப்போது மாதம் 7,000 ரூபாய். அதைப் பெறவும் பத்து நிபந்தனைகள் இருந்தன. நிபந்தனை தவறினால் தொகை குறையும். மாநிலத்தின் மீது ஒன்றிய அரசு சுமத்திய நிபந்தனைக் கயிறு, ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் பெண்ணின் கழுத்தில் அப்படியே இறங்கியிருந்தது. போராட்டத்தின் நடுவே, 2025 மார்ச்சில், அந்த நிபந்தனைகள் நீக்கப்பட்டன. மதிப்பூதியம் ஆயிரம் ரூபாய் உயர்ந்தது அக்டோபர் இறுதி அறிவிப்பில்தான். வெயிலும் மழையும் தாண்டிப் போராட்டம் 260 நாட்களுக்கு மேல் நீடித்தது.

போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய அமைப்பின் அரசியல் பற்றி இடதுசாரித் தொழிற்சங்கங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பந்தலுக்கு வந்து குடையும் மழைக்கோட்டும் வழங்கிய ஒன்றிய இணையமைச்சரின் நாடகத்தையும் மறக்க முடியாது. ஆஷா பணியாளர்களைத் தொழிலாளர் என்று அழைக்க மறுத்து, தன்னார்வலர் என்று பெயரிட்டு வைத்திருப்பது அவருடைய அரசு. 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை அலமாரியில் கிடக்கிறது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது வழங்கியபோது பிரதமர் மகிழ்ச்சி தெரிவித்தார். வழக்கமான பணிகளுக்காக ஒன்றிய அரசு தந்த மாத ஊக்கத்தொகையோ 2018 முதல் 2,000 ரூபாயிலேயே நின்றது. அதை 3,500 ஆக உயர்த்துவதாக 2025இல்தான் அறிவித்தது. குடை கொடுத்த கையும் உரிமையை மறுக்கும் கையும் ஒரே உடலில்தான் இருக்கின்றன.

ஆயினும் அதைச் சொல்லி இடதுசாரிகள் தம் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. முதன்மைப் பொறுப்பு ஒன்றிய அரசுடையது என்பது உண்மை. தெருவில் அமர்ந்திருந்தவர் உழைக்கும் பெண் என்பதும் உண்மை. முதல் உண்மையைக் கொண்டு இரண்டாவதை மறைப்பது செங்கொடியின் மரபன்று.

தோழர்கள் முன்வைக்க வேண்டியவை

இதிலிருந்து பெறப்படும் கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, வரிசை எண்ணையும் பெயர்ப்பலகையையும் நிதியோடு பிணைக்கும் நிபந்தனைகள் நீக்கப்பட வேண்டும். நிதி தேவையைப் பின்தொடர வேண்டும். இரண்டாவதாக, 2.5 சதவீத வாக்குறுதி முதல் மேல்வரியைப் பகிர மறுப்பது வரை, ஒன்றிய அரசின் செயல்பாடு நாடாளுமன்றத்திலும் மாநிலங்களின் பங்கேற்புள்ள அமைப்பிலும் ஆண்டுதோறும் மதிப்பிடப்பட வேண்டும்.

மூன்றாவதாக, இறப்பு, கருவித் தட்டுப்பாடு, சிகிச்சைத் தாமதம் ஆகியவற்றைப் பற்றி உண்மை சொல்லும் ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டும். தாய்மார் இறப்புக்கு நடக்கும் தண்டனையற்ற மறுஆய்வு மற்ற துறைகளுக்கும் விரிவடைய வேண்டும். நான்காவதாக, எண்களைச் சேகரிக்கும் ஆஷா, கிராம சுகாதாரச் செவிலியர், மருத்துவத் தன்னார்வலர் அனைவரும் தொழிலாளராக ஏற்கப்பட வேண்டும். அவர்கள் கொண்டுவந்த எண்களின் மீது முடிவெடுக்கும் ஊராட்சிக் கூட்டத்தில் அவர்களுக்கும் இடம் வேண்டும்.

தமிழ்நாட்டில் இது தொலைதூரச் செய்தி அன்று. அதே பட்டியலில் இரண்டாமிடம் பெற்றது தமிழ்நாடு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துக் கொள்முதல் முறையைப் பார்த்துத்தான் கேரளம் தன் கழகத்தை அமைத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் பெண்களும் மதிப்பூதியத்தில்தான் வேலை செய்கிறார்கள், தன்னார்வலர் என்றே அழைக்கப்படுகிறார்கள். முதலிடம் பெற்ற மாநிலத்தில் நடந்தது இரண்டாமிடம் பெற்ற மாநிலத்தில் நடக்காது என்று எண்ண இடமில்லை. உள்ளாட்சிகளின் கையில் சுகாதார நிலையங்களை ஒப்படைப்பதில் தமிழ்நாடு கேரளத்துக்கு இன்னும் வெகு தொலைவு பின்னே நிற்கிறது.

ஆகவே ஒவ்வொரு கிளையும் தன் பகுதியின் துணை சுகாதார நிலையத்திலிருந்து தொடங்கலாம். அங்கே செவிலியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, நீரிழிவு மாத்திரை மாதம் முழுக்கக் கிடைக்கிறதா, பிரசவத்துக்கு இரவில் ஊர்தி வருகிறதா, வீட்டுக்கு வரும் பெண் பணியாளருக்கு எத்தனை ரூபாய் எந்தத் தேதியில் கிடைக்கிறது என்று மக்களோடு சேர்ந்து கணக்கெடுத்து, அதைக் கிராம சபையில் வைக்கலாம். அரசின் பட்டியல் வெளிவருவதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கீழத்தஞ்சைப் பண்ணையாள் கேட்டது மிக எளிய ஒன்று. அளக்கும் மரக்காலில் முத்திரை இருக்க வேண்டும், அளப்பதை அவர் பார்க்க வேண்டும். எண்பது ஆண்டுகள் கழித்து, காசநோயாளியின் வீட்டுப் படியேறும் ஆஷா பணியாளர் கேட்பதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை.